வாசலில் ஒரு பானைத் தண்ணீர்: சின்ன உதவிகள் ஏன் இவ்வளவு சந்தோஷம் தருகின்றன?

சாத்தூர் வெயில்:

எங்கள் வீடு பஸ் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. பங்குனி பிறந்ததும் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய மண்பானை வைத்துவிடுவோம். மாமியார் தொடங்கிவைத்த பழக்கம். அவர் போன பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். அடியில் குழாய் வைத்த பானைதான், யார் கையும் தண்ணீரில் படாது. வாயை வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டி மேலே ஒரு தட்டு. ஒரு தொட்டியில் ஆற்று மணலை நிரப்பி அதற்குள் பானையை உட்காரவைத்திருக்கிறேன். காலையிலும் மத்தியானமும் மணலில் தண்ணீர் தெளித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் சில்லென்று இருக்கும்.

தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிற பெண்கள், பார்சல் கொண்டுவருகிற பையன்கள், ஆடு ஓட்டிப்போகிற ஒரு தாத்தா என்று பலரும் குடிக்கிறார்கள். நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருப்பேன். வெளியே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்கும். யார் என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு நிறைந்துவிடும். கோயில் திருப்பணிக்கு, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு என்று வீட்டில் பெரிய தொகைகள் கொடுத்திருக்கிறோம். ரசீது வாங்கிப் பத்திரமாகவும் வைத்திருக்கிறோம். அதிலெல்லாம் இந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

ஏன் இப்படி? உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கிறதா? பெரிய தானதர்மம் வேண்டாம், சின்னச் சின்ன விஷயங்களைச் சொல்லுங்கள்.


தாம்பரம் லோக்கல்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு 21ஜி பஸ்தான் ஞாபகம் வந்தது.

கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஏறியவரால் அவரிடம் போக முடியாது. "ஒரு கிண்டி பாஸ் பண்ணுங்க" என்று காசைப் பின்னால் நிற்பவர் கையில் கொடுப்பார். அந்தக் காசு ஐந்தாறு கை மாறிப் போகும். அதே வழியில் டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வரும். ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் யாருடைய காசையோ பொத்தி வைத்திருப்போம். அதை அடுத்தவரிடம் கொடுக்கும் வரை மனசில் ஒரு பொறுப்பு இருக்கும். வழியில் ஒரு ரூபாய் குறைந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது பை. உட்கார இடம் கிடைத்தவர் நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். "குடுங்க, நான் வெச்சிக்கிறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பை கனம் என்றால் கொடுப்பவருக்கே கூச்சமாக இருக்கும், இவரோ கண்டுகொள்ள மாட்டார். சில சமயம் குழந்தையையே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் அது தூங்கிக்கூடப் போய்விடும். இறங்கும்போது பெயர்கூடக் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்றாலும், யாருடைய பையையாவது வாங்கி வைத்துக்கொண்ட அன்று எரிச்சல் குறைவாக இருக்கிறது. இதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன்.


உளவியல் மாணவி, கோவை:

சாத்தூர் அக்கா "ஏன்" என்று கேட்டதால் எழுதுகிறேன். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள்.

2008-ல் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் காலையில் ஆட்களைப் பிடித்து ஆளுக்கொரு உறை கொடுத்தார்கள். சிலர் உறையில் 5 டாலர், சிலர் உறையில் 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் செலவழித்துவிட வேண்டும். ஒரு பிரிவினர் தங்களுக்காகவும், இன்னொரு பிரிவினர் அடுத்தவருக்காகவும். சாயங்காலம் கூப்பிட்டு மனநிலை எப்படி என்று கேட்டபோது, அடுத்தவருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் சந்தோஷமாக இருந்தார்கள். 5 டாலரா 20 டாலரா என்பது ஒரு பொருட்டாகவே இல்லை. இதே கேள்வியை வேறு சிலரிடம் "எதில் சந்தோஷம் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் தப்பாகச் சொன்னார்கள். 20 டாலரைத் தனக்கே செலவழிப்பதில்தான் சந்தோஷம் என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு. சிகாகோவில் ஒரு பூங்காவில் பனிச்சறுக்குத் திடல் இருக்கிறது. நல்ல குளிரில் அங்கே வந்தவர்களுக்கு ஒரு கோப்பை ஹாட் சாக்லேட் கொடுத்து, "நீங்களே குடிக்கலாம், அல்லது இங்கே இருக்கும் முன்பின் தெரியாத யாருக்காவது கொடுக்கச் சொல்லலாம்" என்றார்கள். பெரும்பாலானவர்கள் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். "வாங்குகிறவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்?" என்று இவர்களிடம் கேட்டார்கள், வாங்கியவரிடமும் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்கள் நிறையவே சந்தோஷப்பட்டிருந்தார்கள்.

காரணம் என்னவென்றால், கொடுப்பவர் பொருளின் மதிப்பைப் பார்க்கிறார். "ஒரு கோப்பை பானம்தானே, இதில் என்ன இருக்கிறது" என்று நினைக்கிறார். வாங்குகிறவருக்கோ தன்னை ஒருவர் நினைத்தார் என்பதே பெரிதாக இருக்கிறது. நாம் நிறைய நேரம் உதவாமல் இருப்பதற்குக் கல்நெஞ்சு காரணமில்லை, "இது ஒரு உதவியா" என்ற நினைப்புதான் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.


கல்லும் கதையும்:

நல்ல இழை. ஊர் ஊராகப் போய்ப் பழைய கற்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. இங்கே சுமைதாங்கிக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு கற்களைச் செங்குத்தாக நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். பழைய சாலைகளின் ஓரத்தில், பெரும்பாலும் மரத்தடியிலோ குளத்துப் பக்கமோ இன்றைக்கும் பார்க்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டது. சுமையை இறக்காமலே அவள் போய்விட்டாள், நாலு பேர் சுமை இறக்கினால் அவள் ஆன்மா ஆறும் என்பது நம்பிக்கை. சில கற்களில் அந்தப் பெண்ணின் பெயரும் வருஷமும் வெட்டியிருக்கும்.

நான் சொல்ல வந்தது அதன் உயரத்தைப் பற்றி. சுமைதாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். குறுக்குக் கல் ஏறக்குறைய தோள் மட்டத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டியதில்லை. சுமையை அப்படியே கல்லின் மேல் நகர்த்தி இறக்கலாம். இளைப்பாறிவிட்டு அதே மாதிரி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். "கொஞ்சம் ஒரு கை பிடிங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டாம். நடமாட்டமே இல்லாத சாலையில் தனியாக நெல் மூட்டையோ விறகுக்கட்டோ சுமந்து போகிறவருக்கு அந்த உயரம்தான் உதவியே. கல் தரையோடு கிடந்தால் அதில் உட்காரலாம், சுமையைத் தூக்கிவிட ஆள் வேண்டும்.

பழைய கணக்கில் முப்பத்திரண்டு அறங்கள் உண்டு. காஞ்சியில் காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு அத்தனையும் வளர்த்தாள் என்பது ஐதீகம். அறச்சாலை, மடம், சோலை, தண்ணீர்ப் பந்தல் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். அவற்றோடு தலைக்கு எண்ணெய், முகம் பார்க்கக் கண்ணாடி, காதுக்கு ஓலை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஒரு தறி ஆகியவையும் வரும். ஏழைக்குச் சோறு போட்டால் போதும் என்று விடவில்லை. ஏழைப் பெண் தலைவாரிக் கண்ணாடி பார்க்கவும் ஆசைப்படுவாள் என்று யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் என்னை நிற்க வைத்தது கண்ணாடிதான்.


நல்லூரடி:

கல்லும் கதையும் எழுதியதை வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் (மாடு உடம்பு தேய்க்கிற கல்), கேணி, மடம் எல்லாம் ஒன்றாகவே இருக்கும். மனிசருக்கு மடம், மாட்டுக்குக் கேணியும் கல்லும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று ஒன்று இருக்கிறது. தெருவுக்கு மேலாலேயே கூரை போட்டிருப்பினம். இரண்டு பக்கமும் திண்ணை, நடுவாலே பாதை. போறவர் வாறவர் மடத்துக்குள்ளாலேதான் போக வேணும். நிழல் தேடி ஒதுங்கத் தேவையில்லை. நல்லூர்த் திருவிழா நாட்களில் தெருத்தெருவாகத் தாகசாந்திப் பந்தல் போட்டு மோரும் சர்பத்தும் குடுப்பினம்.

ஆனால் தண்ணீர் என்றால் எனக்கு ஞாபகம் வாறது 1995 ஒக்டோபர் கடைசி. யுத்தம் கிட்ட வர, வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டது. நான் அப்ப சின்னப் பிள்ளை. மழை. சனம் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்குது, அடிக்கு அடிதான் நகரலாம். அம்மாவின்ர கையை விட்டால் தொலைஞ்சு போவன் என்று அவவின்ர சீலையில் என்னைக் கட்டி வைச்சிருந்தவ.

விடிஞ்சு கனநேரத்துக்குப் பிறகு, கைதடி தாண்டி ஒரு வீட்டுப் படலையடியில் ஒரு வயசான அம்மா நின்றா. பக்கத்தில் ஒரு வாளி, கையில் ஒரு பேணி. பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி. சீனி காணாது என்று ஆளுக்கொரு சின்னத் துண்டு பனங்கட்டி உள்ளங்கையில் வைச்சு விட்டவ. "எங்கயிருந்து வாறியள்" என்று ஒருத்தரையும் கேட்கேல்லை. எங்கட முகத்தைப் பார்க்க அவவுக்கு விளங்கியிருக்கும். குடிச்சு முடிய "பிள்ளையைக் கொண்டு வந்து உள்ளுக்குக் கிடத்துங்கோ" என்று அம்மாவிடம் சொன்னா. அந்த வீட்டு விறாந்தையில் ஏற்கெனவே எத்தனையோ குடும்பம்.

அவவின்ர பேர் எங்களுக்குத் தெரியாது. அம்மா இண்டைக்கும் பிளேன்ரீ குடிக்கேக்க பனங்கட்டிதான் கடிப்பா.


சாத்தூர் வெயில்:

நல்லூரடி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.


நேர்ப்பேச்சு:

எல்லோரும் மனம்விட்டு எழுதுகிறீர்கள். அதனால் நானும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு விஷயம்.

முதலாவது, தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைத்த வரலாறு நமக்கு இல்லை. அறம் என்று சொல்லிப் பந்தல் போட்ட ஊர்களில்கூடச் சிலருக்கு டம்ளரில் கொடுத்தார்கள், சிலரைத் தள்ளி நிற்கவைத்துக் கை ஏந்தச் சொல்லி மேலிருந்து ஊற்றினார்கள். என் தாத்தா அப்படிக் குடித்தவர். டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது நேற்றைய கதை. ஒரு பொதுக்குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927-ல் மகாராஷ்டிராவில் மகத் என்ற ஊரில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களைத் திரட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆகவே "தண்ணீர் கொடுத்தோம்" என்று யாராவது சொன்னால், எப்படிக் கொடுத்தீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

இரண்டாவது, 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. பேரிடர் என்று ஒப்புக்கொண்ட பிறகு, வழிப்போக்கரின் தாகத்தை ஓர் அக்கா வீட்டுப் பானையை நம்பி விடலாமா? பஸ் நிறுத்தத்துக்கு நிழற்குடையும் குடிநீர்க் குழாயும் வேண்டும். சின்ன உதவியில் கிடைக்கும் மனநிறைவு, கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்துவிடுமோ என்பது என் கவலை. அக்காவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம்.


வடலூர்ப் பக்கம்:

நேர்ப்பேச்சு சொன்ன முதல் விஷயத்தோடு முழுக்க உடன்படுகிறேன். எங்கள் ஊரில் 1867-ல் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் சாதி என்ன, மதம் என்ன என்று கேட்க மாட்டார்கள். எந்த ஊர் என்றுகூடக் கேட்பதில்லை. பசியோடு வந்தவருக்கு இலை போடுவார்கள், அவ்வளவுதான். 1867-ல் அப்படி ஒரு பந்தி நடத்த எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்!


சாத்தூர் வெயில்:

நேர்ப்பேச்சு தம்பி (தம்பி என்று கூப்பிடலாம்தானே), கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

எங்கள் பானை ரோட்டோரத்தில் இருக்கிறது. யாரும் ஊற்றிக் கொடுப்பதில்லை. குழாயைத் திருகி அவரவரே பிடித்துக் குடிக்கலாம். வெயில் காலத்தில் நாங்களும் அதே பானையில், அதே டம்ளரில்தான் குடிக்கிறோம். வீட்டுக்கென்று தனியாக ஒன்று வேண்டாம் என்பதில் மாமியார் கண்டிப்பாக இருந்தார். நான் எட்டிப் பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தேன் இல்லையா, அதற்கும் காரணம் இதுதான். வீட்டுக்காரி நின்று பார்த்தால் இரண்டாவது டம்ளர் பிடிக்கக் கூச்சப்படுவார்கள்.

குழாய் விஷயம். பஸ் நிறுத்தத்தில் குடிநீர் வசதி வேண்டும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸ் போய் மனு கொடுத்தோம். பானையில் தண்ணீர் குடிக்கிற பெண்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள். இவ்வளவு பேர் இந்த வழியாக நடக்கிறார்கள், இத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்திருந்ததே பானையால்தான். பல தடவை அலைந்த பிறகு சின்டெக்ஸ் தொட்டியும் குழாயும் வந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தண்ணீர் கொதிக்கிறது. அதனால் பானையையும் எடுக்கவில்லை. தொட்டிக்கு மேல் கூரை போடச் சொல்லி அடுத்த மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.


நேர்ப்பேச்சு:

தாராளமாகக் கூப்பிடுங்கள் அக்கா. உங்கள் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்த மனுவுக்கு எழுத்து உதவி ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். கேள்வி எழுதிய கையோடு அதையும் செய்துவிடுகிறேன்.


இரவுப் பணி:

நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியர். பெண்கள் வார்டு. கொடுப்பவர், வாங்குபவர் என்று இங்கே பிரித்துப் பேசுகிறோம். வார்டில் அந்தப் பிரிவினையே கிடையாது.

நோயாளியோடு தங்குகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆளாகத்தான் வருவார்கள். அம்மாவுக்கு மகள், மாமியாருக்கு மருமகள். குளிக்கப் போக வேண்டும், டீ வாங்கப் போக வேண்டும், ஆனால் நோயாளியை விட்டு நகர முடியாது. அப்போது பக்கத்துக் கட்டில் ஆள், "நான் பாத்துக்கறேன், நீ போய்க் குளிச்சிட்டு வா" என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் இவர் நாற்காலியை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு டிரிப் பாட்டிலையும் பார்த்தபடி உட்காருவார். ஒன்று தீரப்போகிறது என்றால் "சிஸ்டர், அந்தம்மாவுக்கு பாட்டில் முடியுது" என்று என்னிடம் ஓடி வருவார். தன் நோயாளிக்காகக்கூட இவ்வளவு வேகமாக ஓடி வந்திருக்க மாட்டார்.

பிளாஸ்க் வெந்நீர், போன் சார்ஜர், மீந்த இரண்டு இட்லி எல்லாம் கட்டிலுக்குக் கட்டில் போகும். நான் கவனித்த ஒன்று: வந்த முதல் நாள் அழுதுகொண்டே இருக்கும் பெண்கள், பக்கத்தில் யாருக்காவது ஒரு வேலை செய்து கொடுத்த பிறகு கொஞ்சம் தெளிகிறார்கள். மருத்துவமனையில் அவர்கள் கையில் எதுவுமே இல்லை. டாக்டர் சொல்வதற்குக் காத்திருக்க வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலுக்கு வெந்நீர் பிடித்துக் கொடுப்பது மட்டும் அவர்களால் முடிகிற காரியம். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நானே சின்ன வேலையாகச் சொல்லிவிடுவேன். "அந்தப் பாட்டிக்குக் கொஞ்சம் போர்வையை இழுத்து விடுறீங்களா?" என்று.


பினாங்கு வாசி:

தைப்பூசத்தின்போது இங்கே வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். சீனர்களும் வந்து நின்று பானம் ஊற்றிக் கொடுப்பார்கள், தேருக்கு முன்னால் தேங்காயும் உடைப்பார்கள். சின்ன வயதில் பந்தலில் டம்ளர் எடுத்துக் கொடுக்கும் வேலைக்காக நானும் என் தங்கையும் சண்டை போடுவோம். கொடுக்கிற பக்கம் நிற்பதற்குத்தான் சண்டை, பானம் குடிப்பதற்கு இல்லை. உளவியல் மாணவி, குழந்தைகளிடமும் இதைச் சோதித்திருக்கிறார்களா?


உளவியல் மாணவி, கோவை:

சோதித்திருக்கிறார்கள். அக்னினும் டன்னும் கைலி ஹாம்லினும் சேர்ந்து 2012-ல் வெளியிட்டது. இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள். தனக்குத் தின்பண்டம் கிடைத்தபோது இருந்ததைவிட, அதை ஒரு பொம்மைக்குக் கொடுத்தபோது முகத்தில் மலர்ச்சி அதிகமாக இருந்தது. ஆய்வாளர் கொடுத்த கூடுதல் பண்டத்தை எடுத்துக் கொடுத்ததைவிட, தன் கிண்ணத்தில் இருந்ததையே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். நீங்களும் தங்கையும் போட்ட சண்டை நியாயமான சண்டைதான்.


ஓய்வு பெற்ற தபால்காரர்:

பெரியவன் என்ற உரிமையில் நானும் எழுதுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் மணியார்டர் கொண்டுபோவேன். கூப்பனில் நாலு வரி எழுதி வந்திருக்கும். "படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். மெதுவாகத்தான் படிப்பேன். மகன் எவ்வளவு அனுப்பினான், என்ன கோபத்தில் இருக்கிறான் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியத் தேவையில்லை.

இப்போது காலையில் எங்கள் ஊர் வங்கிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நூறு நாள் வேலைச் சம்பளம், முதியோர் பணம் எல்லாம் கணக்கில்தான் ஏறுகிறது. எடுக்க வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சலான் எழுத வராது. உள்ளே இருப்பவர்களுக்குக் கூட்டத்தைச் சமாளிக்கவே நேரம் போதாது. ஆகவே பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைக் கேட்கலாம் என்று முகம் முகமாகப் பார்த்தபடி நிற்பார்கள். அந்த நிற்பு எனக்குப் பொறுக்காது.

எழுதிக் கொடுப்பதில் சில முறைகளை வைத்திருக்கிறேன். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சத்தமாகக் கேட்க மாட்டேன், பக்கத்தில் போய்க் கேட்பேன். எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய பிறகு சீட்டை அவர்கள் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துக் காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் ரூபாய் எண் தெரியும். பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்கு எண்ணை எழுதியதும் உடனே கையில் கொடுத்துவிடுவேன், என்னிடம் வைத்துக்கொள்ள மாட்டேன். பணத்தை எண்ணச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்பேன். அதைக் கவுண்டரில் இருப்பவர் முன்னால் அவர்களே எண்ணிக்கொள்ள வேண்டும். யாராவது கையெழுத்துப் பழக ஆசைப்பட்டால் பழைய சலானின் பின்பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன். ஓர் அம்மா இப்போது தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். முதல் தடவை அந்தச் சீட்டைக் கவுண்டரில் நீட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், என் பேரன் பிறந்த அன்று இருந்த சந்தோஷம்தான் எனக்கு.


தாம்பரம் லோக்கல்:

ஐயா, "அந்த நிற்பு எனக்குப் பொறுக்காது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுமைதாங்கியின் உயரம், கைதடி அம்மா எதுவும் கேட்காமல் இருந்தது, சாத்தூர் அக்கா எட்டிப் பார்க்காமல் இருப்பது எல்லாமே உதவி கேட்டு நிற்கும் நிலைமையை எதிராளிக்கு வைக்காத உதவிகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோற்றுப் பொட்டலத்தை நீட்டி, வாங்குகிறவரின் முகத்தை கேமராவுக்குத் திருப்பச் சொல்லிப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதைப் பார்க்கவே வேதனையாக இருக்கிறது. பசிக்காகக் கை நீட்டியவர் முகத்தை ஊருக்கே காட்டுவது என்ன நியாயம்?


இரவுப் பணி:

படம் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. வார்டுக்குள் பழம் கொடுக்க வருகிறவர்களிடம் போனைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிடுவோம்.


கல்லும் கதையும்:

சாத்தூர் அக்காவுக்கு ஒரு சந்தேகம். எங்கள் தெருவிலும் பானை வைக்கலாம் என்று பேசினோம். கொசு முட்டையிட்டு டெங்கு வரும் என்று ஒருவர் பயப்படுகிறார். சென்னையில் பானைத் தண்ணீர் அவ்வளவு குளிராது என்கிறார் இன்னொருவர்.


சாத்தூர் வெயில்:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் இரண்டையும் சமாளிக்கலாம். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அதனால் துணியை நெருக்கமான நெசவாகப் பார்த்து நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். மீந்த தண்ணீரைத் தினமும் ராத்திரி செடிக்கு ஊற்றிவிட்டு உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காயவையுங்கள். சோப்பு போடக் கூடாது, மண் அதை இழுத்துக்கொள்ளும். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர் கீழே தேங்காமல் மண்ணுக்குள் போகிற மாதிரி இடம் பாருங்கள்.

பானையின் நுண்துளை வழியாகக் கசிகிற தண்ணீர் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் ஆவியாவது குறைவு. காற்றோட்டமான நிழலில் வைத்தால் ஓரளவு குளிரும். புதுப் பானை என்றால் முதலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். குழாயின் உயரத்தையும் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பிடிக்கிற மாதிரி, வயசானவர்கள் ரொம்பக் குனிய வேண்டாத மாதிரி. உங்கள் சுமைதாங்கிப் பதிவைப் படித்த பிறகு எங்கள் பானைக்குக் கீழே இன்னொரு கல் கொடுத்து உயர்த்தினேன்.


முதலாம் ஆண்டு:

எல்லாப் பதிவுகளையும் படித்தேன். நான் கல்லூரியில் இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறேன். எனக்கும் தபால்காரர் ஐயா மாதிரி செய்ய ஆசை. ஆனால் அறிமுகம் இல்லாதவர்களிடம் போய்ப் பேசவே தயக்கமாக இருக்கிறது. நானாகப் போய்க் கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்றும் தோன்றுகிறது. எப்படித் தொடங்குவது?


ஓய்வு பெற்ற தபால்காரர்:

வாப்பா. பணம் புழங்குகிற இடம், அதனால் சந்தேகப்படுவது நியாயம்தான். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முதலில் மேனேஜரைப் பார்த்து விவரத்தைச் சொல்லிவிடு, கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொள். சலான் வைத்திருக்கிற மேசைப் பக்கம் பேனாவோடு உட்கார்ந்திரு. "எழுதித் தரட்டுமா பாட்டி?" என்று ஒரு தடவை கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதை நாலு பேர் பார்த்தால் அடுத்தவர் தானாக வந்து பக்கத்தில் உட்காருவார். கார்டு ரகசிய எண்ணையோ போனுக்கு வருகிற எண்ணையோ அவர்களாகச் சொல்ல வந்தால்கூட, சொல்லாதீர்கள் என்று தடுத்துவிடு.

திங்கட்கிழமையும், நூறு நாள் சம்பளம் ஏறிய மறுநாளும் கூட்டம் அதிகம் இருக்கும். அந்த மாதிரி ஒரு நாளில் பத்து மணிக்கே போய்விடு.